குஞ்சித்தம்பியரின் துளியும் செல்வரட்ணத்தாரின் ஜெலியும்

குஞ்சித்தம்பியரின் இடது தொடைக்குள் ஒரு தேள் குடியிருந்தது. இரண்டு மாரிக்கு முன் இடுப்பைச் சுற்றி அக்கி போட்டது. கொப்புளமெல்லாம் ஆறிப்போயிற்று, கொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அவர் நின்றால் அது தூங்கும். நடந்தால் சும்மா கிடக்கும். ஒரு கதிரையில் உட்கார்ந்ததுதான் தாமதம், கண் விழித்து, சோம்பல் முறித்து, கொடுக்கைத் தூக்கிவிடும். அந்த வலியைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் கனடாவின் ஸ்காபரோவில் வீட்டுக்கு ஒருவர் நொண்டியிருப்பார். மிச்சத்தைத் தூரத்து விட்பி நகரம் வரைக்கும் அனுப்பியிருக்கலாம்.

உட்கார முடியாத மனிதன் செய்வதற்கு உலகத்தில் எத்தனையோ காரியம் இருக்கிறது. குஞ்சித்தம்பியருக்கு வேண்டியிருந்ததோ முந்நூற்றிநாலு. சீட்டுக் கடதாசி விளையாட்டுகளிலேயே ராசாவான அதை நின்றுகொண்டு ஆட முடியாது. நிற்கிறவனுக்கு இரண்டு பக்கத்து ஆட்களின் கைக் கடதாசியும் கண்ணாடி போலத் தெரியும். அதை எந்த எதிராளியும் பொறுக்கமாட்டான்.

வருடா வருடம் சித்திரை முடிய, முதியோர் சங்கத்தில் முந்நூற்றிநாலுப் போட்டி நடக்கும். குஞ்சித்தம்பியருக்கு எதிரே உட்காரும் சோடி எப்போதும் மஸூர் ஹாஜியார்தான். இவர் ஆரையம்பதி, அவர் காத்தான்குடி, இரண்டும் இலங்கையின் கிழக்கு மாகாணம். ஊரில் அடுத்தடுத்துப் பிறந்தும் ஒருவரையொருவர் கண்டதில்லை, ஸ்காபரோவில் ஒரு தேத்தண்ணிக் கடையில்தான் சந்தித்தார்கள். ஹாஜியார் இடது புருவத்தை ஒரு நெல்லளவு உயர்த்தினால் போதும், அவர் கையில் எத்தனை ஜாக் இருக்கிறது, அன்று வீட்டில் என்ன கறி என்பது வரைக்கும் குஞ்சித்தம்பியருக்கு விளங்கிவிடும்.

போன வருடம் இறுதி ஆட்டத்தின் நட்டநடுவில் தேள் கொட்டியது. குஞ்சித்தம்பியர் "ஆத்தே!" என்று துள்ளி எழும்பினார். கடதாசிகள் பறந்தன. ஒன்று எதிராளியின் தேத்தண்ணிக்குள் விழுந்து மிதந்தது. அந்த எதிராளி பிக்கரிங் நகரில் இருக்கும் செல்வரட்ணத்தார், யாழ்ப்பாணத்தில் வங்கி மனேஜராக இருந்தவர். இருதய வருத்தத்திலிருந்து இடியப்பம் அவிப்பது வரை எதைப் பற்றிப் பேசினாலும், "நான் பேங்கில மனேஜரா இருந்தனான்" என்பதை ஆதாரமாகக் காட்டுவார். கேடயத்தை வென்ற கையோடு சங்கத்தில் புதுச் சட்டம் ஒன்றும் போடுவித்தார்: ஆட்டம் நடக்கும்போது எழும்புகிறவரின் பக்கம் தோற்ற பக்கம்.

அதோடு விட்டாரா? ஹாஜியாரையும் வளைக்கத் தொடங்கினார்.

"ஹாஜியார், இருக்கவே மாட்டாத மனிசனோட ஏன் கிடந்து மாரடிக்கிறீங்கள்? என்னோட சேருங்கோ. என்ர சோடி சீமோன் நல்ல மனிசன்தான், ஆனா துரும்புக் கடதாசி எதெண்டு பாதியில மறந்துபோவான்."

ஹாஜியார் யோசித்தார். பிறகு குஞ்சித்தம்பியரிடம் வந்து நேராகவே சொன்னார்.

"மச்சான், எனக்கும் வயசு போகுது. இந்த வருசம் ஒரே ஒரு இறுதி ஆட்டத்த முழுசா இருந்து முடிங்க. ஏலாட்டி வெளிப்படையாச் சொல்லுங்க, அடுத்த வருசம் நான் செல்வரட்ணத்தாரோட இருக்கிறன். மனசில வெக்காதீங்க."

குஞ்சித்தம்பியர் மனதில் வைத்தார். தொடையில் தேளும் மனதில் இதுவுமாக அன்று இரவு முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.

வலி வைத்தியர் இரண்டு வகைக் குளிசை கொடுத்துப் பார்த்தார். ஒன்று அவரைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. மற்றதில் கால் இரண்டும் இடியப்ப உரல் மாதிரி வீங்கின. கடைசியில் வைத்தியர், "மருத்துவக் கஞ்சா முயற்சி செய்து பார்ப்போமா?" என்றார். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் குஞ்சித்தம்பியரின் காது இரண்டும் தாமாகவே கதவைச் சாத்திக்கொண்டன. கிளினிக்கில் இருந்த யதுஷா என்ற தமிழ் நர்ஸ் அரை மணித்தியாலம் பொறுமையாக விளக்கினாள். தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு படம்: வேட்டி அவிழ்ந்து, கண் சிவந்து, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் தான் உருண்டு கிடக்கிற படம்.

வைத்தியர் அனுமதிப் பத்திரம் எழுதினார். மருந்து தபாலில் வந்தது. ஆளின் கட்டைவிரல் அளவு போத்தல், உள்ளே எண்ணெய், கூடவே ஒரு துளிக்குழாய். அவர் மனைவி நாகேஸ்வரி அதைத் தபால்காரனிடம் வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பன்னிரண்டாம் மாடிக்கு வந்து சேரும்வரை லிப்டில் மூச்சே விடவில்லை.

முதல் துளி போடும் நாளுக்குக் குஞ்சித்தம்பியர் செய்த ஆயத்தத்தை அரசாங்கங்கள் யுத்தத்துக்குக்கூடச் செய்வதில்லை. தலைக்குக் குளித்தார். விபூதி பூசினார். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். குசினிக் கத்திகளையெல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். கார்த் திறப்பை மனைவியின் கையில் கொடுக்கும்போது மட்டும் அவர் கண் கலங்கியது. முப்பது வருடம் டிரைவிங் மாஸ்டராக இருந்தவர் அவர். ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவர். மற்றப் பாதி ஏன் தவறியது என்பதும் அவருக்குத் தெரியும்.

"நாகேசு, நான் பாட்டுப் படிச்சா வாயப் பொத்து."

"சரி."

"எழும்பி ஆடினா?"

"கால் நல்லா வந்திட்டுதெண்டு நினைப்பன்."

"பகிடி விடாத. உடுப்பக் கழட்டினா ஜன்னல் சீலைய இழுத்து மூடு."

"ஐயோ, இந்த உடம்பை ஆர் எட்டிப் பாக்கப் போறா? துளிய விடுங்க, உலையில அரிசி கிடக்கு."

நாக்குக்கடியில் எண்ணெய் விட்டார். சோபாவில் சாய்ந்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மணிக்கூடு தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. அவரும் சிரித்தார்.

"ஏறுது நாகேசு. ஏறுது!"

அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள். ஏறிவிட்ட மனிதன் எதையும் சொல்லலாம், யாரும் கோபிக்க முடியாது என்ற பேரானந்தம் குஞ்சித்தம்பியரை அப்போதுதான் பிடித்தது. அவர் கையை விரித்தார்.

"நாகேசு, உன்ர சொதி இருக்கே, அது சொதியில்ல. தேங்காய் கால் கழுவின தண்ணி."

"என்னது?"

"உன்ர தம்பி விட்பியில வாங்கின வீடு இருக்கே, அது வீடில்ல, பார்க்கிங் லொட். இந்த ஜன்னல் சீலைக்கு ஆசுப்பத்திரி நிறம். உன்ர அக்கா போனில கதைக்கக்குள்ள நான் எப்பவும் கக்கூசுக்குள்ள போறது ஏனெண்டு நினைக்கிறாய்?"

ஒரு ராசா மாதிரிச் சோபாவில் கிடந்து, சொல்லாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னார். இடையில் மணிக்கூட்டிடமும் அபிப்பிராயம் கேட்டார். நாகேஸ்வரி கிளினிக்குக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, இவருக்கு நல்லா ஏறிட்டுது. மணிக்கூட்டோட கதைக்கிறார்!"

"அன்ரி, பயப்படாதீங்கோ," என்றாள் யதுஷா. "எத்தினை துளி விட்டவர்?"

"நீ சொன்ன அளவுதான்."

"அப்ப ஏறாது. வெயிட், நான் அண்டைக்கே எக்ஸ்பிளெயின் பண்ணினனான். தலையைச் சுத்த வைக்கிற சாமான் டீ.எச்.சி. அங்கிளுக்குத் தந்ததில அது இல்லையெண்டே சொல்லலாம், மற்றதுதான் இருக்கு, சீ.பீ.டி. அதில ஹை ஆக மாட்டார். மிஞ்சினா வாய் கொஞ்சம் காயும், நித்திரை வரும், அவ்வளவுதான்."

"அப்ப இந்த மணிக்கூட்டுக் கதை?"

"அது அங்கிள்தான், அன்ரி. ஒயில் இல்லை."

குஞ்சித்தம்பியர் மெல்லக் கண்ணை மூடித் தூங்குவது போலப் பாவனை செய்தார்.

"இஞ்சேருங்க," என்றாள் நாகேஸ்வரி. குரல் பால் மாதிரி இருந்தது. "அப்ப சொதிக் கதை சுயபுத்தியோடதான் வந்திரிக்கி. என்ன?"

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த வீட்டில் சொதி என்ற பெயரில் வெந்நீரும் மஞ்சளும் வந்தன. குஞ்சித்தம்பியர், "ஆகா, என்ன ருசி!" என்று குடித்தார். அந்த வெட்கத்தின் ஒரே நன்மை, யதுஷா வாரம் ஒருமுறை போன் எடுக்கும்போது அவர் காது இரண்டையும் அகலத் திறந்து வைத்ததுதான். மருத்துவத்துக்குத் தருவது ஒவ்வொரு ஆளின் வருத்தத்துக்கும் வயதுக்கும் அளந்து தருவது. குறைவாகத் தொடங்கி மெதுவாகத்தான் கூட்டவேண்டும். குடிக்கிற மற்ற மருந்துகளோடு அது சண்டை பிடிக்கும், ஆகவே இரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற குளிசையை ஒளிக்கக்கூடாது. இந்த நாட்டில் சட்டப்படி கடையில் விற்கிற கஞ்சா ஆசைக்கு எடுப்பவர்களுக்கு, அங்கே இருக்கிற பிள்ளைகள் வைத்தியம் சொல்லக்கூடாது. இவருக்குக் கேட்காமல் போனாலும் போகலாம் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

"சும்மா கேக்கிறன் பிள்ளை," என்றார் ஒருநாள். "உண்மையா ஒராளுக்கு ஏறினா என்ன செய்யிறது?"

"சத்தமில்லாத இடத்தில இருத்திறது. தண்ணி குடுக்கிறது. தனிய விடக்கூடாது, கார் ஓட விடக்கூடாது. அது தானாப் போகும். நெஞ்சு நொந்தாலோ, எழுப்ப எழும்பாட்டிலோ உடனே நைன் வன் வன். ஏன் அங்கிள், திரும்பவும் மணிக்கூடு கதைக்குதோ?"

தேள் சாகவில்லை. ஆனால் கிழடு தட்டியது. கொட்டுவதற்குமுன் நெடுநேரம் யோசித்தது. குஞ்சித்தம்பியர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகினார். முதலில் ஒரு தேத்தண்ணி நேரம், பிறகு ஒரு நாடகத் தொடர் நேரம், பிறகு மைத்துனர் விட்பி வீட்டைப் பற்றிக் கதைக்கிற நேரம். அதையே உட்கார்ந்து தாங்கிய மனிதனுக்கு இறுதி ஆட்டம் ஒரு பொருட்டா?

செய்தி செல்வரட்ணத்தாருக்குப் போயிற்று. மார்க்கம் வீதிப் பிளாசாவில் குஞ்சித்தம்பியரை மறித்தார்.

"என்ன ஐசே, துளி எண்ணிக் குடிக்கிறீராம். டொக்டரிட்டப் போய், கடதாசி எடுத்து, தபாலுக்குக் காத்திருந்து... உது என்ன கூத்து? உங்க பாரும், ரோல்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை. நடந்து போனா வாங்கலாம்."

"அண்ணை, அது வேற, இது வேற. அதில தலை சுத்திற சாமான்..."

"எல்லாம் ஒரே செடி! எனக்கும் தோள்மூட்டு நோகுது. நானும் எடுக்கத்தான் போறன்."

"உங்கட டொக்டரிட்ட ஒரு சொல்லுக் கேளுங்களன்."

"பேங்கில எத்தினை டொக்டர்மார் என்னட்டக் கடனுக்கு வந்து நிண்டவை தெரியுமே?"

குஞ்சித்தம்பியர் வீட்டுக்குப் போய்த் தன் துளியை விட்டார்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம். நாகேஸ்வரிதான் கார் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் டிரைவிங் மாஸ்டர் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பில் ஓட்டை போட்டார். மண்டபத்தில் பற்றிஸ், ரோல்ஸ், தேத்தண்ணி, சுற்றிவரச் சங்கம் முழுவதும். எதிரே ஹாஜியார். ஒரு பக்கம் சீமோன், மறுபக்கம் செல்வரட்ணத்தார். அவரை மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தாள்.

செல்வரட்ணத்தார் சட்டைப் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். மாம்பழ நிறத்தில் ஒரு ஜெலி.

"கடைப் பெட்டைக்கு ஒரு அறிவுமில்லை. தோளுக்கு எது நல்லதெண்டு கேக்கிறன், 'எங்களுக்குச் சொல்ல அனுமதியில்லை, டொக்டரைக் கேளுங்கோ' எண்டுறாள். பெட்டிக்குள்ள ஒண்டே ஒண்டு, கஞ்சப் பிசுநாறியள். மூண்டு பெட்டி வாங்கினன்."

வாயில் போட்டு மென்றார். முதல் கை ஆடி முடிந்தது.

"ஒண்டும் தெரியேல்லை," என்று இரண்டாவதையும் போட்டார்.

"அண்ணை, வயித்துக்குள்ள போறது சுணங்கித்தான் வேலை செய்யும்," என்றார் குஞ்சித்தம்பியர். "பொறுங்க."

"பேசாமக் கடதாசியப் போடும் ஐசே. பனடோலும் காய்ச்சலுக்கு ஒண்டு காணாட்டி ரெண்டு போடுறம்தானே."

மூன்றாவதை ஒரு ரோல்ஸோடு சேர்த்து விழுங்கினார்.

ஆட்டம் சூடு பிடித்தது. குஞ்சித்தம்பியர் உட்கார்ந்திருந்தார். தேள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டது. ஹாஜியாரின் புருவம் தந்தி அடித்தது. கிழக்கு மாகாணம் முந்திக்கொண்டு போனது. இன்னும் ஒரு கை. அதை உட்கார்ந்து முடித்தால் கேடயம், அதைவிடப் பெரியது ஹாஜியார்.

அந்தக் கையில் ஏலம் போலக் கேள்வியைக் கூட்டிக் கேட்டுத் துரும்பு வைக்கும் உரிமையை எடுத்தவர் செல்வரட்ணத்தார். மற்றவர்கள் காணாதபடி அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு தன் கையிலிருந்த கடதாசிகளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மரங்கள் ஒருமுறை தளிர்த்து உதிர்ந்திருக்கும்.

"அண்ணை, உங்கட கை," என்றார் சீமோன்.

"சீமோன், இந்த ஹார்ட்ஸ் ராசாவுக்கு மீசை இல்லை. கவனிச்சனியே?"

"அண்ணை, போடுங்கோ."

"மற்ற மூண்டு பேருக்கும் இருக்கு. இவருக்கு மட்டும் இல்லை. ஆர் வழிச்சது?" அவர் கண்ணில் நீர் முட்டியது. "ஒருத்தரும் கேக்கேல்லை. இத்தினை வருசம் விளையாடுறம், ஒருத்தரும் கேக்கேல்லை."

ஹாஜியாரின் இரண்டு புருவமும் தொப்பிக்குள் போய்விட்டன. செல்வரட்ணத்தார் கவிழ்ந்து கிடந்த துரும்பைத் தடவினார்.

"இதை ஏன் கவுத்துப் போடுறது? பாவம், மூச்சு முட்டாதே?" என்று அதை நிமிர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

சீமோன் தலையில் கை வைத்தார். மண்டபம் சிரித்துக் குலுங்கியது. துரும்பே தெரிந்த பிறகு என்ன மிச்சம்? குஞ்சித்தம்பியரின் கையில் வெற்றி வடையாக இருந்தது, கடிப்பதுதான் பாக்கி.

அப்போது செல்வரட்ணத்தாரின் முகம் வெளிறியது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு உது ஏறேல்லை," என்றார். "ஆனா ஏன் எல்லாரும் இவ்வளவு தூரத்தில இருக்கிறீங்கள்? சீமோன், நீ ஏன் விட்பியில இருக்கிறாய்? நெஞ்சு ஓடுது. நான் சாகப்போறன்."

சிரிப்பு நின்றது. மண்டபத்திலிருந்த எழுபது பேரும் எழுபது வைத்தியரானார்கள். தேசிக்காய் என்றது ஒரு குரல், மோர் என்றது இன்னொன்று. ஒருவர் கடுங்கோப்பியோடு ஓடிவந்தார். மூவர் அவர் முகத்துக்கு நேரே நின்று, "பயப்படாதீங்கோ!" என்று கத்தி அவரைப் பயமுறுத்தினார்கள்.

குஞ்சித்தம்பியர் கடதாசியைக் கவிழ்த்து வைத்தார்.

"மச்சான், இருங்க!" என்றார் ஹாஜியார். "ஒரே ஒரு கை. எழும்பினா தோல்வி. இந்தச் சட்டத்தப் போட்டதே அந்த மனிசன்!"

குஞ்சித்தம்பியர் ஹாஜியாரைப் பார்த்தார். செல்வரட்ணத்தாரைப் பார்த்தார். எழும்பினார்.

கோட்டுகள் தொங்கும் சின்ன அறையில் ஒரு சோபா இருந்தது. கதவைச் சாத்தி, செல்வரட்ணத்தாரை அதில் சாய்த்து, தானும் உட்கார்ந்தார்.

"நெஞ்சு நோகுதா அண்ணை, இல்லாட்டி ஓடுதா?"

"ஓடுது. நானூற்றி ஒண்டு ஹைவேயில ஓடுற மாதிரி ஓடுது. நீர் டிரைவிங் மாஸ்டர்தானே. நிப்பாட்டும்!"

கதவுக்கு வெளியே நின்ற சீமோனிடம், போனிலேயே ஆலோசனை சொல்லும் சுகாதார நர்ஸுகளின் இலக்கத்துக்குப் போன் எடுக்கச் சொன்னார். யதுஷா சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள்: தண்ணீர், அமைதி, கூட ஒரு ஆள். மோசமானால் உடனே அம்புலன்ஸ். மற்றதை முப்பது வருட அனுபவம் பார்த்துக்கொண்டது.

"சரி அண்ணை. சிக்னல் போடுங்க. கண்ணாடியப் பாருங்க. மெதுவா வலது பக்க லேனுக்கு வாங்க."

"லொறி வருது!"

"லொறி போகட்டும். எங்களுக்கு அவசரமில்ல. எக்சிட் எடுக்கிறம். இப்ப பக்க வீதி. முப்பதில போறம். பிள்ளையள் விளையாடுது, இன்னும் மெதுவா."

"வெள்ளைக் கோடு வளையுது ஐசே."

"வளையட்டும். நீங்க நேரா இருங்க. ஸ்டொப் சைன். நிப்பாட்டுங்க. மூச்சை விடுங்க."

செல்வரட்ணத்தார் மூச்சை விட்டார். கையை விடவில்லை. தொழிலில் இவ்வளவு கஷ்டமான மாணவனைக் குஞ்சித்தம்பியர் கண்டதில்லை. அந்தக் கற்பனைக் காரில் பிக்கரிங் வீட்டு வாசலுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வெளியே பின்னேரம் கருகிவிட்டது. ரிவர்ஸ் பார்க்கிங் மட்டும் மூன்றுமுறை பிழையாய்ப் போயிற்று.

கதவு திறந்தது. ஹாஜியார் இரண்டு தேத்தண்ணியோடு நின்றார். முகம் இன்னும் கடுகடு என்றுதான் இருந்தது.

"கேடயம் போச்சு," என்றார். "சட்டம் சட்டந்தான் எண்டு சங்கத்தில சொல்லிப்போட்டாங்க."

"தெரியும் ஹாஜியார். நீங்க செல்வரட்ணத்தாரோட இருங்க. நான் மனசில வெக்கமாட்டன்."

ஹாஜியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இதில இருக்கிறீங்க?"

குஞ்சித்தம்பியருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து, இடையில் கடதாசி மேசையிலிருந்து இந்தச் சோபாவுக்கு நடந்த பத்து அடி நீங்கலாக, அவர் எழும்பவேயில்லை.

"நான் ஒரு ஆட்டம் இருந்து முடிக்கச் சொன்னன்," என்றார் ஹாஜியார். "நீங்க மூணு ஆட்ட நேரம் இருந்திட்டீங்க, அதுவும் இந்த மனிசனோட. இவரோட ஒரு வருசம் எதிர்ல இருக்கிற சக்தி எனக்கில்ல மச்சான். அடுத்த வருசமும் நீங்கதான். நகருங்க, நானும் இருக்கிறன்."

சீமோன் கேடயத்தைக் கொண்டுவந்து செல்வரட்ணத்தாரின் மடியில் வைத்தார். பெயர்தான் கேடயம், உண்மையில் வெள்ளிப் பூச்சுப் பூசிய பெரிய கிண்ணம் அது. செல்வரட்ணத்தார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆர் வெண்டது?"

"நீங்கதான் அண்ணை."

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். தலையை உள்ளே விட்டுத் தேடினார். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மனவருத்தத்தோடு கேட்டார்.

"சீமோன், வெண்ட ஆளுக்கு வெறுங் கிண்ணமே தாறது? ரோல்ஸ் முடிஞ்சுதோ?"